கூட்டம் போட்டால் அதே முகங்கள்தான் வருகின்றன: காலநிலை வேலையில் ஊர் மக்கள் எப்போது இறங்குகிறார்கள்?

கரையோரம் எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றை இங்கே வைக்கிறேன்.

எங்கள் குடியிருப்புப் பகுதியில் காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்களை அழைத்துப் பேச வைக்கிறோம், படம் காட்டுகிறோம், துண்டறிக்கை கொடுக்கிறோம். வருவது அதே முகங்கள்: படித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கெனவே இதில் அக்கறை உள்ளவர்கள். நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்கிறவரோ, ஒரு மணி நேரம் மழை அடித்தாலே வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடுகிறவரோ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

குழுவில் கேட்டால் "மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது என்பதும், 2024இல் ஓராண்டுச் சராசரியே 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வெயில் முன்னைப்போல் இல்லை, மழை முன்னைப்போல் இல்லை என்பது நம்மைவிட அவர்கள் உடம்புக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எங்கே ஊர் மக்கள் உண்மையிலேயே இறங்கி வேலை செய்திருக்கிறார்கள்? அங்கே என்ன நடந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏழாம்வேர் எழுதியது:

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டு உட்கார அழைத்தால் ஆட்கள் வர மாட்டார்கள். முடிவெடுக்க அழைத்தால் வருவார்கள். எடுத்த முடிவின் பலன் தங்கள் கைக்கே வரும் என்று தெரிந்துவிட்டால் நாம் அழைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

நைஜர் நாட்டின் கதையைப் பாருங்கள். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பு. 1980களின் தொடக்கத்தில் அங்கே மராடி வட்டாரத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரம் வளர்ப்புத் திட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். நாற்றங்காலில் வளர்த்துக் கொண்டுபோய் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி செத்துப்போயின. வயல்களில் அங்கங்கே குத்துக்குத்தாக நின்ற செடிகளை எல்லோரும் வெறும் புதர் என்று நினைத்திருந்தார்கள். கூர்ந்து பார்த்தபோதுதான் அவை வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவை என்று தெரிந்தது. மண்ணுக்குக் கீழே வேர் உயிரோடு இருந்தது. ஒரு கட்டையில் எழும்பும் துளிர்களில் நேரானவை சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்து, ஆடுமாடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், மரம் எழுந்துவிடும். கன்று வாங்கவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

இது தொழில்நுட்பம். ஆனால் பரவியதற்கு அது மட்டும் காரணமில்லை. காலனி ஆட்சிக் காலத்திலிருந்து வந்த சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் நின்ற மரத்தில் கைவைத்தாலும் அபராதம். அப்படியிருக்கும்போது எந்த விவசாயி துளிரைப் பாதுகாப்பார்? உழும்போதே பிடுங்கிப் போடுவதுதான் அவருக்கு லாபம். 1980களில் வனத்துறையின் கெடுபிடி தளர்ந்து, "என் வயலில் நிற்பது என் மரம்" என்ற நம்பிக்கை வந்த பிறகு, பக்கத்து வயலைப் பார்த்து அடுத்தவர் என்று தானாகவே பரவியது. இன்று அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில், ஏறத்தாழ 20 கோடி மரங்கள் இப்படி எழுந்திருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

அந்த விவசாயிகள் யாரும் காலநிலையைப் பற்றிப் பேசி இதைத் தொடங்கவில்லை. அவர்களுக்கு விறகு வேண்டும், மாட்டுக்குத் தழை வேண்டும், மணற்காற்றில் முளைப்பயிர் சாகாமல் இருக்க வேண்டும். கரியமில வாயு மண்ணிலும் மரத்திலும் தங்கியது அதன் கூடவே கிடைத்த பலன்.

கணக்கன் எழுதியது:

அருமையான உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் இந்த இழை போகும் திசை எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஐபிசிசியின் (காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. நிபுணர் குழு) 2022 அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வீடுகளின் நுகர்வால் உலகில் ஏற்படும் பசுமைக்குடில் வாயு உமிழ்வில், வருமானத்தில் மேலே இருக்கும் 10 சதவீத வீடுகளின் பங்கு 34 முதல் 45 சதவீதம். கீழே இருக்கும் பாதிப் பேரின் பங்கு எல்லாம் சேர்த்து 13 முதல் 15 சதவீதம். அப்படியிருக்க, தெருத்தெருவாகப் போய் "நீங்கள் மாறுங்கள்" என்று யாரிடம் சொல்கிறோம்? ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கிறவரிடம்.

அனல்மின் நிலையம் எங்கே வரும், பேருந்துக்குப் பணம் ஒதுக்குவதா பாலத்துக்கு ஒதுக்குவதா, கட்டட விதியில் வெப்பக்காப்பு கட்டாயமா இல்லையா, இவைதான் உமிழ்வைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்றும் நம் தெருக் கூட்டத்தில் முடிவாவதில்லை. உள்ளூர் முயற்சி, உள்ளூர் முயற்சி என்று எல்லோரையும் அதிலேயே இழுத்துவிட்டால், பெரிய முடிவு எடுக்கிறவர்களை யாரும் கேள்வி கேட்காத நிலை வந்துவிடும். அக்கறை உள்ள நல்ல மனிதர்களின் நேரம் முழுக்க அங்கேயே கரைந்துபோவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

நீர்க்கோடு எழுதியது:

> இவற்றில் ஒன்றும் நம் தெருக் கூட்டத்தில் முடிவாவதில்லை.

கணக்கன் ஐயா, நீங்க சொல்றது உமிழ்வைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆனா வேலை ரெண்டு இருக்கே. வெப்பம் மேலும் கூடாம தடுக்கிறது ஒண்ணு. கூடிட்ட வெப்பத்துல, வெள்ளத்துல, புயல்ல ஆளைச் சாகவிடாம பார்க்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது வேலையைத் தலைநகர்ல உட்கார்ந்து யாராலயும் செய்ய முடியாது.

வங்காளதேசத்துல 1970 நவம்பர்ல அடிச்ச போலா புயல்ல செத்தவங்க 3 லட்சத்துக்குக் குறையாது, 5 லட்சம் வரைக்கும் சொல்றாங்க. அதுக்குப் பிறகு 1972ல அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம்னு ஆரம்பிச்சாங்க. அதோட முதுகெலும்பு கடலோர கிராமத்து ஆட்கள்தான், சம்பளம் கிடையாது. புயல் எவ்வளவு கிட்ட வருதுங்கிறதைப் பொறுத்து ஒரு கொடி, ரெண்டு கொடி, மூணு கொடின்னு ஏத்துவாங்க. வாசிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். கையால சுத்துற சைரன், ஒலிபெருக்கி எடுத்துக்கிட்டு வீடு வீடா போவாங்க. எந்த வீட்ல நடக்க முடியாத பெரியவர் இருக்கார், எந்த வீட்ல நிறைமாசக் கர்ப்பிணி இருக்காங்கன்னு அந்தத் தெரு ஆளுக்குத்தானே தெரியும்?

1991 புயல்ல சுமார் 1.4 லட்சம் பேர் போனாங்க. 2007ல சிடர் புயல், பலமானதுதான், சாவு 3,000த்துச் சொச்சம். 2020ல ஆம்பன் வந்தப்ப 20 லட்சத்துக்கும் மேல ஆட்களை முன்கூட்டியே நகர்த்தினாங்க, அங்க இறந்தவங்க எண்ணிக்கை சில பத்துகள்ல நின்னுச்சு. பாதுகாப்புக் கட்டடம், கரை, செயற்கைக்கோள் எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா கடைசி ஒரு கிலோமீட்டர் சேதி போய்ச் சேர்ந்தது அந்தத் தொண்டர்களாலதான். இன்னைக்கு அவங்க 76,000 பேருக்கு மேல.

வெப்ப அலைக்கும் இதேதான். 1995 ஜூலைல சிகாகோவுல வெப்ப அலை, வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலா செத்தாங்க. நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல்னு ஒட்டி ஒட்டி ரெண்டு பகுதி. ரெண்டுலயும் ஏழைகளும் தனியா இருக்கிற வயசானவங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனா ஒண்ணுல சாவு விகிதம் இன்னொண்ணைப் போல பத்து மடங்கு. எரிக் க்ளைனன்பெர்க்ங்கிற சமூகவியலாளர் ஆராய்ஞ்சு சொன்ன காரணம், சாவு குறைஞ்ச பகுதியில தெரு உயிரோட இருந்துச்சு. ஆட்கள் நடமாட்டம் இருந்துச்சு, பெரியவங்க பயமில்லாம வெளிய வந்தாங்க, வரலைன்னா யாராவது கவனிச்சாங்க. இன்னொரு பகுதி காலியாகி, பாழடைஞ்சு, வயசானவங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்துட்டாங்க.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற பழக்கம் உயிரைக் காப்பாத்துது. இதை நான் சின்ன வேலைன்னு ஒத்துக்கவே மாட்டேன்.

காற்றாடி எழுதியது:

உமிழ்வைக் குறைப்பதிலும் உள்ளூருக்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் சாம்சோ என்ற தீவு இருக்கிறது. சுமார் 4,000 பேர். 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, பத்து ஆண்டுகளுக்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறுவது என்று இறங்கினார்கள். நிலத்தில் 11 காற்றாலைகள், 2003க்குள் கடலில் 10 காற்றாலைகள், வைக்கோலை எரித்து வெந்நீரைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பும் பொது நிலையங்கள். கடலில் நிறுத்திய காற்றாலைகள் எதற்காக என்றால், கார், படகு இவற்றின் உமிழ்வுக்கு ஈடுகட்ட.

நான் சொல்ல வந்தது இயந்திரத்தைப் பற்றியல்ல. காற்றாலை என்றாலே பல நாடுகளில் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பது வழக்கம்: சத்தம், நிழல், கண்ணை உறுத்தும் தோற்றம். சாம்சோவில் நிலத்துக் காற்றாலைகள் விவசாயிகளுக்கும் ஊர்க் கூட்டுறவுகளுக்கும் சொந்தம். கடலில் இருப்பவற்றில் ஐந்து ஊராட்சிக்கே சொந்தம். தன் பணம் போட்ட காற்றாலை சுற்றும் சத்தம் யாருக்கும் தொல்லையாகத் தெரிவதில்லை. பின்னர் டென்மார்க் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. 2009 முதல் சில ஆண்டுகள், புதிதாகக் காற்றாலை நிறுத்துகிறவர்கள் குறைந்தது 20 சதவீதப் பங்கை அப்பகுதி மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்ற விதி இருந்தது.

ஏழாம்வேர் சொன்ன மரம், நான் சொல்லும் காற்றாலை, இரண்டிலும் முடிச்சு ஒன்றுதான். யாருடையது என்பதுதான் கேள்வி.

கணக்கன் எழுதியது:

நீர்க்கோடு சொன்னதை ஏற்கிறேன், தகவமைப்பு வேலைக்கு உள்ளூர்தான் அடித்தளம். காற்றாடிக்கு ஒரு வார்த்தை: சாம்சோவில் மக்கள் பணம் போட்டார்கள் என்றால், காற்றாலை மின்சாரத்துக்கு உறுதியான விலை கிடைக்கும் என்று நாட்டின் சட்டம் சொன்னதால் போட்டார்கள். அந்தச் சட்டம் இல்லாத இடத்தில் அதே தீவு, அதே மனிதர்கள் இருந்தாலும் வங்கி கடன் கொடுத்திருக்காது.

மக்களை முடிவெடுக்க அழையுங்கள் என்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பிரான்சில் 2019 அக்டோபரில் குலுக்கல் முறையில் 150 சாதாரணக் குடிமக்களைத் தேர்ந்தெடுத்துக் காலநிலைக்கான குடிமக்கள் மன்றம் அமைத்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து, நிபுணர்களைக் கேட்டு, 2020 ஜூனில் 149 பரிந்துரைகள் கொடுத்தார்கள். எதையும் வடிகட்டாமல் முன்னெடுப்பேன் என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் வாக்குக் கொடுத்திருந்தார். சட்டமாக வந்தபோது பல பரிந்துரைகள் நீர்த்துப்போயிருந்தன, சில காணாமலே போயின. 2021 பிப்ரவரியில் அந்த உறுப்பினர்களே அரசின் செயல்பாட்டுக்கு மதிப்பெண் போட்டார்கள்: பத்துக்கு 3.3.

அந்த 150 பேரையும், அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களையும் அடுத்த முறை எப்படி அழைப்பீர்கள்? கேட்டுவிட்டுத் தூக்கிப் போடுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

ஓவர்சியர் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நடப்பதில் பெரும்பாலானவை வரைபடம் முடிந்து, மதிப்பீடு முடிந்து, ஒப்பந்தப்புள்ளி விடும் நிலையில் நடக்கின்றன. அப்போது வருகிறவர்களால் "வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். எதையும் மாற்றச் சொல்ல அங்கே இடமே இருக்காது. அதனால் கூட்டம் சண்டையாகிறது, அதிகாரிகள் "மக்களை அழைத்தாலே தொல்லை" என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இலேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். அடியில் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் குடிமக்கள் கையில் கட்டுப்பாடு. நாம் பார்க்கும் கூட்டங்கள் நடுப்படியைத் தாண்டுவதில்லை.

முன்கூட்டியே அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மழைநீர் தேங்கும் ஒரு பகுதிக்கு வடிகால் போட வேண்டும். நில அளவையின்படி சரிவு கிழக்கே. அதன்படி கோடு போட்டாயிற்று. வேலைக்கு முன் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தெருவிலேயே விரித்து வைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வருகிறவர்களைப் பேனாவால் குறிக்கச் சொன்னோம். ஒரு மூதாட்டி வரைபடத்தைத் தொடவே இல்லை. தன் வீட்டுச் சுவருக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் ஒரு பழைய கறை, அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று. சாலையை உயர்த்திப் போடுவதற்கு முன்பு தண்ணீர் மேற்கே ஒரு சிறுபாலத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்ததாகவும், சாலை உயர்ந்தபோது அதன் வாய் மூடிப்போனதாகவும் சொன்னார். தோண்டிப் பார்த்தோம். சிறுபாலம் முழுசாக இருந்தது, மண் அடைத்துக் கிடந்தது. அதைத் திறந்ததும் புதிய வடிகாலின் நீளம் பெருமளவு குறைந்தது.

அளவைக் கருவி தரையின் இன்றைய சரிவைச் சொல்லும். மூடிப்போன வழியை அந்த அம்மாதான் சொல்ல முடியும். மக்களை அழைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் வராவிட்டால் வடிவமைப்பே தப்பாகிவிடும்.

மாலைநேரம் எழுதியது:

ஓவர்சியர் ஐயா, நீங்கள் தெருவிலேயே விரித்து வைத்ததால்தான் அந்த அம்மா வந்தார். அரங்கத்தில் வைத்திருந்தால் வந்திருக்க மாட்டார். இந்த இடத்தில் எல்லோரும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள் என்பதே யார் வர முடியும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மாலை ஆறு மணி என்றால் அடுப்படியில் இருக்கும் பெண் வர முடியாது. பகலில் என்றால் தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வருமானம் போய்விடும். குழந்தையைக் கூட்டிவர இடமில்லை என்றால் இளம் தாய்மார் கணக்கிலேயே இல்லை. வாடகைக்கு இருக்கிறவர்களை யாரும் அழைப்பதே இல்லை, சொந்த வீட்டுக்காரர்கள் சங்கம்தான் "மக்கள்" ஆகிவிடுகிறது. மாடியில் வெப்பம் தாங்காமல் தவிப்பதோ பெரும்பாலும் வாடகைதாரர்.

நீர்க்கோடு 1991 புயலைச் சொன்னார். அதில் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். எச்சரிக்கை கேட்டும் பலர் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போகவில்லை. தனி இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது, பிள்ளைகளையும் ஆடுமாட்டையும் விட்டுவிட்டுப் போக முடியாது, வீட்டு ஆண் வந்து அனுமதிக்க வேண்டும். கட்டடம் இருந்தது, அதைத் திட்டமிட்டபோது பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பின்னர் இதை மாற்ற முனைந்தார்கள். இன்று அந்தத் தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால்தான் பெண்ணால் தயங்காமல் வெளியே வர முடிகிறது.

நேபாளத்தின் சமூகக் காடுகளும் இதைச் சொல்கின்றன. 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு 22,000க்கும் மேற்பட்ட பயனாளர் குழுக்கள் காட்டைக் கவனிக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் நிலப்பரப்பில் கால்வாசியாக இருந்த காடு, 2016க்குள் 45 சதவீதத்தை எட்டியது. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் இந்தக் குழுக்களை ஆராய்ந்து, நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் காட்டின் நிலை கூடுதலாகத் தேறியதைக் காட்டினார். விறகுக்கும் தழைக்கும் தினமும் காட்டுக்குள் போகிறவர் பெண். யார் எங்கே வெட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். விதி போடும்போது அவரை வெளியே நிறுத்திவிட்டால், அந்த விதியை அவர் மீற வேண்டிய கட்டாயம் வரும். அடுப்பு எரிய வேண்டுமே.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. தனிச்செய்தியில் சிலர் கேட்டதற்காக ஒரு குறிப்பு: குறிப்பிட்ட கட்சி, குறிப்பிட்ட அலுவலகம் மீதான புகார்களை இங்கே எழுத வேண்டாம், அவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

மணியோசை எழுதியது:

பள்ளி ஆசிரியை நான். ஒரு விஷயம் மட்டும்.

காலநிலை என்றாலே பிள்ளைகளைக் கூப்பிட்டு உறுதிமொழி எடுக்க வைப்பது, ஓவியப் போட்டி, பேரணி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல், "உலகை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது அநியாயம். இரவில் தூக்கம் வராமல் பயப்படும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

பிள்ளைகளிடம் கருவியைக் கொடுங்கள், வேலையைக் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அவர்கள் தரையின் வெப்பத்தை அளக்கிறார்கள். மதிய இடைவேளையில் சிமெண்ட் தளம், மரநிழல் மண், தகரக் கொட்டகைக்குக் கீழே, விளையாட்டு மேடை என்று ஒவ்வொரு இடமாகப் போய், சுட்டிப் பிடித்தால் எண் காட்டும் வெப்பமானியால் அளந்து, தளப்படத்தில் வண்ணம் தீட்டுகிறார்கள். சிவப்பு எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அதை மாட்டினோம். யாரும் தூங்கவில்லை. நிழல் எங்கே வேண்டும், தளத்தில் எந்தப் பகுதியை உடைத்து மண்ணாக்கலாம் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பாரிஸ் நகரில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். தார் போட்ட பள்ளி மைதானங்களை உடைத்து, நீர் இறங்கும் தரையும் மரமும் வைத்து, வடிவமைப்பில் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறார்கள். அவற்றில் பல, பள்ளி இல்லாத நாளில் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்திருக்கின்றன.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மணியோசை சொன்ன தளப்படத்தை எங்கள் பகுதிக்கே செய்யலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த சந்தேகம். ஆள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் எல்லோரும் ஆர்வமாக இருப்பார்கள். பிறகு நாலு பேர் உழைப்பார்கள், மீதிப் பேர் பலனை மட்டும் அனுபவிப்பார்கள். உழைக்கிறவருக்கு மனம் வெறுத்துப்போகும். பொதுக் கிணற்று நீரை ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு இழுத்தால் மற்றவரும் இழுக்கத் தொடங்குவார். இதை எப்படித் தாங்குவது?

ஏழாம்வேர் எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே வாழ்நாள் முழுக்க உழைத்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்ற பேச்சை, அவர் ஊர் ஊராகச் சான்று திரட்டி மறுத்தார். மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடிக் கடல் இவற்றைப் பல நூறு ஆண்டுகள் கெடாமல் காத்த ஊர்கள் இருக்கின்றன.

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தை அவர் எடுத்துக்காட்டுவார். 1517இல் எழுதிய விதி ஒன்று அங்கே உண்டு: குளிர்காலம் முழுக்கத் தன் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறுகிறவருக்கு அபராதம். இந்த விதியின் அழகைப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு வைக்கோல் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பொய் சொல்ல வழியில்லை, புல்லின் அளவுக்கு மேல் மாடு சேரவும் வழியில்லை. மீறுகிறவரிடம் அபராதம் வாங்க ஊர் அலுவலர் ஒருவரும் இருந்தார்.

ஆஸ்ட்ரம் நிலைத்த ஊர்களில் பொதுவாகக் கண்டவற்றில் உங்களுக்குத் தேவையானவை என்று நான் நினைப்பது: விதியைப் பயன்படுத்துகிறவர்களே வகுத்திருப்பார்கள். கண்காணிக்கிறவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார். முதல் மீறலுக்குத் தண்டனை மிகச் சிறியது, திரும்பத் திரும்ப மீறினால் கூடும். முதல் தடவையே பெரிய அபராதம் போட்டால் அவர் பகையாளி ஆகிவிடுவார். சின்ன அபராதம் என்றால், "ஊர் கவனிக்கிறது" என்ற செய்தியோடு அவர் திரும்ப ஊருக்குள்ளேயே இருப்பார். மோட்டார் போடுகிறவர் விஷயத்திலும் முதலில் செய்ய வேண்டியது, கிணற்று நீர்மட்டத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிப் போடுவது. மட்டம் தெரியாமல் விதி போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மேலிருக்கும் அரசு, ஊரின் இந்த உரிமையை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதில் உண்டு. கணக்கன் சொல்லும் இடம் அதுதான்.

கணக்கன் எழுதியது:

ஆமாம், அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

அதே ஐபிசிசி அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. நுகர்வுப் பக்கத்தில் செய்யக்கூடிய மாற்றங்களால், இப்படியே போனால் இருக்கும் நிலையோடு ஒப்பிட, 2050க்குள் கட்டடம், போக்குவரத்து, உணவு போன்ற இறுதிப் பயன்பாட்டுத் துறைகளின் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும். பலர் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, எல்லாம் தனிமனிதர் கையில்" என்று எழுதுகிறார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நடக்க நடைபாதை, ஏறப் பேருந்து, வெயில் தாங்கும் வீடு, இவை இருந்தால்தான் மனிதர் மாற முடியும் என்று சேர்த்தே சொல்கிறது. பேருந்து இல்லாத ஊரில் "வண்டியை விடுங்கள்" என்று பிரசாரம் செய்வதில் பயன் இல்லை.

ஆகவே கரையோரத்துக்கு என் வேண்டுகோள்: உங்கள் குழு தெருவைச் சுத்தம் செய்யட்டும், வெப்பப் படம் வரையட்டும். ஆனால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வரவுசெலவுத் திட்டம் போடும் மாதத்தில் உள்ளாட்சி மன்றத்தின் வாசலில் போய் நில்லுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் நகரத்தின் முதலீட்டுச் செலவில் எதற்கு முன்னுரிமை என்று மக்கள் கூடித் தீர்மானித்தார்கள். குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் ஏழைப் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பணத்தில் கை வைக்கும் உரிமை இருந்ததால் கூட்டத்துக்கு வந்தார்கள். ஏழாம்வேர் முதல் பதிலில் சொன்னதும் இதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை.

நீர்க்கோடு எழுதியது:

இதோட சேர்த்து ஒண்ணு. படம் வரையுறப்ப தனியா இருக்கிற பெரியவங்க வீடுகளையும் குறிச்சு வைங்க, கரையோரம். ஆனா அந்தப் பட்டியலைச் சுவர்ல ஒட்டாதீங்க, வாட்ஸ்அப் குழுவுல போடாதீங்க. தனியா யார் இருக்காங்கன்னு ஊருக்கே விளம்பரம் பண்ணினா வேற ஆபத்து. அந்தந்தத் தெருவுல ரெண்டு ஆள் கையில மட்டும் இருக்கட்டும், அதுவும் அந்தப் பெரியவங்க சம்மதத்தோட.

ஓவர்சியர் எழுதியது:

கடைசியாக, மன்றத்தில் போய் நிற்பதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று. மனுவில் "நூறு மரம் நட வேண்டும்", "நிழற்கூரை வேண்டும்" என்று எழுதினால் கிடைத்துவிடும். நடுவிழாவும் நடக்கும். நட்ட எண்ணிக்கை அறிக்கையில் ஏறும், அடுத்த கோடையில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இருக்காது. ஒரு கன்று வேர் பிடிக்கக் குறைந்தது முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை யார் கொண்டுவருவது, டேங்கர் வாடகை எந்தக் கணக்குத் தலைப்பில், கூண்டு உடைந்தால் யாரிடம் சொல்வது, மின்கம்பிக்குக் கீழே நட்டதை நாளை வெட்ட வந்தால் யாரைக் கேட்டு வெட்ட வேண்டும், இவையெல்லாம் தீர்மானத்திலேயே எழுத்தில் வர வேண்டும்.

வடிகாலுக்கும் இதே கதைதான். கட்டுவதற்குப் பணம் வரும், தூர்வாருவதற்கு வராது. மூன்று ஆண்டுப் பராமரிப்புத் தொகையை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் குழுவும் பொறியாளரும் சேர்ந்து நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நடையில் வாடகைதாரர் ஒருவரும், தாழ்வான பகுதியில் இருக்கும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், மாலைநேரம் சொன்ன காரணத்துக்காக.

வரைவு எழுதியதும் இங்கே பதிவிடுங்கள். எந்த வரியை அலுவலகத்தில் லேசாக அடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதை எப்படி எழுதினால் அடிக்க முடியாது என்றும் சொல்கிறேன்.